நட்டத்தைச் சொல்ல ஓர் இடம் வேண்டும்

கடைத்தெருவில் இரண்டு வியாபாரிகள் சந்தித்துக் கொண்டால் முதலில் கேட்பது "யாவாரம் எப்படி?" என்பதைத்தான். அதற்கு நமது ஊரில் ஒரே பதில்தான் இருக்கிறது. "அல்ஹம்துலில்லாஹ், போகுது." பெருநாளைக்கு முந்திய இரவு கடை நிரம்பி வழிந்தாலும் அதே பதில். நாளைக்கு வங்கிக்குப் போகும் செக்கிற்குக் கல்லாவில் பாதிக் காசுகூட இல்லாவிட்டாலும் அதே பதில். எந்த நிலையிலும் அல்லாஹ்வைப் புகழ்வது நமது கடமை. அதில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் அந்தப் பதிலைச் சொன்ன மனிதர் இரவில் தூங்குகிறாரா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா என்று நாம் கேட்பதில்லை. அவரும் சொல்வதில்லை.

இந்த வாரம் கொள்முதல், இலாபம், வரி ஆகியவற்றைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, வியாபாரம் செய்யும் மனிதரின் மனதைப் பற்றி எழுதலாம் என்று நினைக்கிறேன். இதுவும் வியாபார விடயம்தான். முதலாளி விழுந்தால் கடையும் விழும் என்பதை யாழ்ப்பாணக் கடைத்தெருவில் எல்லோரும் கண்டிருக்கிறோம்.

முதலாளிக்கு லீவு இல்லை

வேலை நெருக்கடியால் வரும் மன அழுத்தம் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வங்கி ஊழியர்கள், வைத்தியர்கள், தாதியர்கள், கணினி நிறுவன இளைஞர்கள் ஆகியோரைப் பற்றியே எழுதுகிறார்கள். அவர்களின் கஷ்டம் உண்மையானது. ஆயினும் அவர்களுக்கு ஒரு மேலதிகாரி இருக்கிறார். சுகவீன லீவு இருக்கிறது. பக்கத்து மேசையில் அதே வேலை செய்யும் ஒருவர் இருக்கிறார். தேநீர் நேரத்தில் அவரிடம் மனதில் உள்ளதைக் கொட்டிவிடலாம்.

சிறு வியாபாரிக்கு இவற்றில் எதுவும் இல்லை. லீவு எடுத்தால் கடை பூட்டப்படும். பக்கத்துக் கடைக்காரர் அதே தொழில் செய்பவரென்றால் அவர் போட்டியாளர். பொருள் தருபவர் கடன்காரர். வாடிக்கையாளரிடம் சிரிக்க வேண்டும். வீட்டில் சொன்னால் அவர்களும் தூங்க மாட்டார்கள்.

இதற்கெல்லாம் மேலாக ஒரு காரணம் உண்டு. வியாபாரத்தில் பெயர்தான் முதல். "அவருக்குக் கஷ்டமாம்" என்ற ஒரு பேச்சு கடைத்தெருவில் கிளம்பினால், அதுவரை பொறுத்திருந்த கடன்காரர்கள் அனைவரும் ஒரே நாளில் வந்து நிற்பார்கள். தொண்ணூறு நாள் தவணையில் சரக்குத் தந்தவர் கைக்காசு கேட்பார். ஆகவே கஷ்டத்தை வெளியே சொல்வதே கஷ்டத்தைப் பெரிதாக்கிவிடும். வேறு தொழிலில் இருப்பவர்களுக்கு "மனம் விட்டுப் பேசுங்கள்" என்று சொல்லும் நல்ல புத்திமதி வியாபாரியிடம் பலிக்காமல் போவது இதனால்தான். அவருக்கு வாய் இல்லாமல் இல்லை. பேசினால் வரக்கூடிய செலவு அவருக்குத் தெரியும்.

எனவே வியாபாரிக்குத் தேவை, நட்டத்தைச் சொன்னாலும் பெயர் கெடாத ஓர் இடம். அதை எப்படி அமைப்பது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விடயம்.

செக் போகும் திகதிகள்

வெளியூர் வாசகர்களுக்காக நமது நெருக்கடியின் உள்வேலையைச் சொல்கிறேன். கொழும்பு புறக்கோட்டையிலிருந்தோ கொம்பனி ஏஜண்டிடமிருந்தோ சரக்கு எடுக்கும்போது, அறுபது அல்லது தொண்ணூறு நாள் முன் திகதியிட்டு செக் கொடுக்கிறோம். அந்தச் சரக்கில் ஒரு பகுதியை நாமும் கொப்பிக் கடனுக்கு விற்கிறோம். கொப்பியில் உள்ள காசு வரவேண்டிய நாளில் வராது. ஆனால் செக் வங்கிக்குப் போக வேண்டிய நாளில் சரியாகப் போகும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் வியாபாரியின் இரவுகள் கழிகின்றன.

காலையில் வங்கியில் இருந்து தொலைபேசி வரும். பதினொரு மணிக்குள் காசு போட வேண்டும். போட முடியாதபோது தெரிந்தவரிடம் கைமாற்று. அதுவும் கிடைக்காதபோது செக் மாற்றுபவரிடம். அதற்கும் வழியில்லாதபோது, நமது குடாநாட்டில் எல்லோருக்கும் தெரிந்த மீற்றர் வட்டி. மீற்றர் ஓடத் தொடங்கினால் நின்றதாகச் சரித்திரம் குறைவு.

2022 ஆம் ஆண்டு இந்த இடைவெளி பள்ளத்தாக்காகியது. மார்ச் மாத ஆரம்பத்தில் இருநூறு ரூபாவைச் சற்றுத் தாண்டியிருந்த டொலர், மே மாதம் முந்நூற்று அறுபது ரூபா அளவில் நின்றது. ஏப்ரல் 8 ஆம் திகதி மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 வீதப் புள்ளிகளால் உயர்த்தியது. ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நாடே நிறுத்தியது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதம். ஆண்டு முடியும்போது வங்கிகள் தமது முதல்தர வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் கடனின் வட்டியே 25 வீதத்தைத் தாண்டியிருந்தது. பழைய விலையில் விற்ற காசுக்குப் புதிய விலையில் பாதிச் சரக்குத்தான் வாங்கலாம். அப்போது எடுத்த கடனின் வால் பல கடைகளில் நீண்ட காலம் தொடர்ந்தது.

வங்கிகள் நீதிமன்றம் போகாமலே ஈட்டுச் சொத்தை ஏலம் விட இடமளிக்கும் 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தை, அதாவது "பராட்டே" அதிகாரத்தை, 2024 இல் தற்காலிகமாக நிறுத்தி வைக்க வேண்டிய அளவுக்கு நாடெங்கும் வியாபாரிகளின் நிலை இருந்தது. இதை நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. அந்த வருடங்களில் தடுமாறியவர்களில் பலர் "எனக்குத் திறமை இல்லை" என்று தம்மையே நொந்து கொள்கிறார்கள். நாடே விழுந்தபோது ஒரு கடை தடுமாறியதற்கு அந்தக் கடைக்காரர் ஒருவரே காரணமாக முடியாது.

நமது தோளில் கூடுதலாக ஒரு மூட்டை

யாழ்ப்பாண முஸ்லிம் வியாபாரிக்கு இன்னுமொரு கணக்கு இருக்கிறது. 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி, விடுதலைப் புலிகள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் யாழ்ப்பாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். சோனகத் தெருவிலும் ஐந்து சந்தியிலும் நாவாந்துறையிலும் இருந்த கடைகள், இரும்பு, நகை, துணி, லொறிகள் அனைத்தும் அப்படியே விடப்பட்டன. வடமாகாணம் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் அந்த மாதத்தில் விரட்டப்பட்டார்கள். பெரும்பாலானோர் புத்தளத்தில் ஓலைக் குடிசைகளில் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கினார்கள்.

2002 இல் யுத்த நிறுத்தம் வந்து ஏ9 பாதை திறந்தபோது சிலர் வந்தார்கள். 2006 ஆகஸ்டில் பாதை மூடப்பட்டது. போட்ட முதல் மீண்டும் முடங்கியது. 2009 க்குப் பிறகு வந்தவர்களில் பலர் பிள்ளைகளின் படிப்புக்காகக் குடும்பத்தைப் புத்தளத்தில் வைத்துவிட்டுத் தனியாக வந்து கடை திறந்தார்கள். கடைக்குப் பின்னாலோ மாடியிலோ ஒரு பாய். சாப்பாடு ஹோட்டலில். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை வவுனியா, அனுராதபுரம் வழியாக இரவு பஸ். இரண்டு ஊரில் இரண்டு செலவு. இரண்டு ஊரிலும் முழுதாக இருக்க முடியாத ஒரு வாழ்க்கை. 2019 ஏப்ரல் தாக்குதல்களுக்குப் பின்னர் நாட்டின் பல பகுதிகளில் முஸ்லிம் கடைகளைப் புறக்கணிக்கச் சொல்லிப் பிரசாரம் நடந்தபோது, பழைய பயம் மீண்டும் நெஞ்சுக்குள் வந்தது.

நமது அயலில் கடை வைத்திருக்கும் தமிழ் வியாபாரிகளுக்கும் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது. வலிகாமத்திலிருந்து அவர்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்த நாளும், வருடம் 1995 ஆனாலும், அதே ஒக்டோபர் 30 தான். சுவர் ஒன்றாக இருக்கும் இரண்டு கடைக்காரர்கள் ஒரே திகதியில் வெவ்வேறு இழப்பை நினைத்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் சொல்லாமல் கடை திறக்கிறார்கள்.

இவ்வளவையும் இழந்து எழுந்தவர்கள் என்பதில் நமக்கு ஒரு பெருமை உண்டு. அது நியாயமானது. ஆனால் அந்தப் பெருமையே சில வேளை வாயைக் கட்டிவிடுகிறது. "தொண்ணூறில் எல்லாம் போயும் வாப்பா அழவில்லை; இந்த ஒரு செக்கிற்கா நான் அழுவது?" என்று மகன் நினைக்கிறார். வாப்பா அழவில்லையா, அல்லது அழுததை யாரும் பார்க்கவில்லையா என்பது வேறு விடயம்.

"யோசினை" என்னும் நோய்

உலக சுகாதார நிறுவனம் 2019 இல் தனது நோய் வகைப்பாட்டில், சமாளிக்கப்படாத வேலை அழுத்தத்தால் வரும் சோர்வு நிலைக்கு ஓர் இடம் கொடுத்தது. அதை ஒரு நோய் என்று சொல்லாமல், தொழில் சார்ந்த ஒரு நிலை என்று சொன்னது. அதற்கு மூன்று அடையாளங்கள்: உடலும் மனமும் வற்றிப்போதல், செய்யும் தொழிலில் வெறுப்பு, "என்னால் ஒன்றும் ஆகாது" என்ற எண்ணம்.

இவை கடையில் எப்படித் தெரியும்? கணக்குக் கொப்பியைத் திறக்க மனம் வராது. குறிப்பிட்ட சில இலக்கங்கள் தொலைபேசியில் வந்தால் எடுக்க மாட்டார். எப்போதும் எட்டு மணிக்குத் திறப்பவர் ஒன்பதரைக்குத் திறப்பார். சின்னப் பிழைக்கு வேலைக்கு நிற்கும் பையனை வாடிக்கையாளர் முன்னே ஏசுவார். இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் சுபஹ் வரை கணக்கு ஓடும். வயிறு எரியும், சீனி ஏறும், கழுத்தும் முதுகும் பிடிக்கும். நெஞ்சு அடைப்பதுபோல வந்தால் அதை "யோசினைதான்" என்று விட்டுவிடாமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அது இருதயமா மனமா என்று தீர்மானிப்பது வைத்தியரின் வேலை.

யாழ்ப்பாணத்தில் இதையெல்லாம் சேர்த்து "யோசினை கூடிப்போச்சு" என்பார்கள். மிகச் சரியான சொல். இதே சொல் வேறொரு நாட்டில் ஒரு மருத்துவத்துக்கே அடிப்படையாக இருக்கிறது.

ஹராரேயின் பெஞ்சு

ஆபிரிக்காவில் சிம்பாப்வே நாட்டின் தலைநகர் ஹராரே. அங்குள்ள மக்களும் மனச்சோர்வைத் தமது ஷோனா மொழியில் "அளவுக்கு மீறி யோசித்தல்" என்றுதான் சொல்கிறார்கள். அந்நாட்டில் மனநல வைத்தியர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தார்கள். அவர்களில் ஒருவரான டிக்ஸன் சிபாண்டா 2006 இல் ஒரு வேலையைத் தொடங்கினார். சுகாதார நிலையத்துக்கு வெளியே மரநிழலில் ஒரு மர பெஞ்சு போட்டார். அதில் அப்பகுதியின் வயது முதிர்ந்த பெண்களைப் பயிற்சி கொடுத்து உட்கார வைத்தார். அவர்கள் பட்டம் படித்தவர்கள் அல்லர். அந்தத் தெருவின் பாட்டிகள். இன்று அது "நட்பு பெஞ்சு" என்ற பெயரில் உலகறிந்த திட்டம்.

அங்கே நடப்பது எளிமையானது. வந்தவர் தனது பிரச்சினைகளை எல்லாம் சொல்வார். பாட்டி குறுக்கிடாமல் கேட்பார். பிறகு இருவரும் அவற்றை வரிசைப்படுத்துவார்கள். அதில் ஒன்றே ஒன்றைத் தெரிவு செய்வார்கள். அந்த ஒன்றுக்கு அடுத்த கிழமைக்குள் செய்யக்கூடிய ஒரு சிறு காரியத்தைத் தீர்மானிப்பார்கள். அடுத்த தடவை வரும்போது அது நடந்ததா என்று பார்ப்பார்கள். 24 சுகாதார நிலையங்களில் 573 பேரைக் கொண்டு செய்த ஆய்வின் முடிவு 2016 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியானது. பெஞ்சில் அமர்ந்து பேசியவர்களின் மனச்சோர்வு, வழமையான கவனிப்பைப் பெற்றவர்களின் சோர்வைவிட ஆறு மாதத்தில் தெளிவாகக் குறைந்திருந்தது.

இதில் வியாபாரிக்குப் பாடம் இருக்கிறது. யோசினை என்பது பத்துப் பிரச்சினையும் ஒரே நேரத்தில் தலைக்குள் சுழல்வது. தாளில் எழுதி ஒன்றைப் பிரித்தெடுத்தவுடன் அது வேலையாகிவிடுகிறது. வேலை செய்வதில் வியாபாரிக்குப் பயமில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரர். தொழிலையும் தெருவையும் எழுதவில்லை. இஷாவுக்குப் பிறகு நாங்கள் நாலு பேர் பிளேன்டீ குடிக்கும் பழக்கம். ஒரு நாள் அவர், "தலைக்கு மேலே போயிட்டுது நானா" என்றார். எங்களில் மூத்தவர் புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. பில் கொப்பியின் பின்பக்கத்தைத் திருப்பி, "திகதியைச் சொல்லும், நான் எழுதுறன்" என்றார். ஒன்பது செக்குகள். எழுதி முடித்துப் பார்த்தால் அந்த மாதத்துக்குள் போவது மூன்று. அந்த மூன்றில் இரண்டு ஒரே ஆளுடையவை. அவருக்குத் தொலைபேசி எடுக்கத்தான் இவர் இரண்டு கிழமையாகப் பயந்து கொண்டிருந்தார். மறுநாள் காலை மூத்தவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்க, இவர் பேசினார். ஒரு செக்கை இரண்டாகப் பிரித்துத் தர அந்த மனிதர் சம்மதித்தார். மற்றதற்கு முடியாது என்றார். கடன் குறையவில்லை. ஆனால் அன்றிரவு தூங்கியதாகச் சொன்னார். அந்தக் கடன் இன்னும் முழுதாக அடைபடவில்லை, கடையும் பூட்டப்படவில்லை.

பள்ளியில் தனியாக உட்கார்ந்திருந்தவர்

இது நமக்குப் புதிய போதனை என்று யாரும் நினைக்க வேண்டாம். தொழுகை நேரம் அல்லாத ஒரு வேளையில் அபூ உமாமா என்ற அன்ஸாரித் தோழர் பள்ளிவாசலில் தனியே அமர்ந்திருந்ததை நபி (ஸல்) அவர்கள் கண்டார்கள். ஏன் இந்த நேரத்தில் இங்கே என்று விசாரித்தார்கள். கவலைகளும் கடன்களும் என்னைப் பிடித்துக் கொண்டன என்றார் அவர். காலையிலும் மாலையிலும் ஓத ஒரு துஆவை அவருக்குக் கற்றுக் கொடுத்தார்கள். இச்சம்பவம் அபூ தாவூத் கிரந்தத்தில் வருகிறது. அதன் அறிவிப்பாளர் தொடர் பற்றி ஹதீஸ் கலை அறிஞர்கள் விமர்சித்திருக்கிறார்கள். எனினும் கவலை, துக்கம், கடன் சுமை ஆகியவற்றிலிருந்து பாதுகாப்புத் தேடும் துஆ அனஸ் (ரழி) வாயிலாக ஸஹீஹுல் புகாரியிலும் இடம்பெற்றிருக்கிறது.

அந்தத் துஆவை நம்மில் பலர் மனனம் செய்திருக்கிறோம். அதற்கு முன்னால் நடந்ததையும் கவனிக்க வேண்டும். வழமைக்கு மாறாக ஒருவர் இருப்பதை நபியவர்கள் கண்டார்கள், நின்றார்கள், கேட்டார்கள். அவர் உள்ளதைச் சொன்னபோது ஏசவில்லை. கவலையையும் கடனையும் அவர் ஒரே மூச்சில் சொன்னதையும் கவனியுங்கள். இரண்டும் பிரிக்க முடியாதவை என்பது அன்றே தெரிந்த விடயம்.

அல்பகரா அத்தியாயத்தின் 280 ஆம் வசனம், கடன்பட்டவர் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும் வரை அவகாசம் கொடுக்கும்படி கடன் கொடுத்தவருக்கு வழிகாட்டுகிறது. தவ்பா அத்தியாயத்தின் 60 ஆம் வசனம், ஸகாத் பெறும் எட்டு வகையினரில் கடன்பட்டவர்களையும் சேர்க்கிறது. சென்ற வருடம் ஸகாத் கொடுத்தவர் இந்த வருடம் அதைப் பெறும் நிலைக்கு வரலாம். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ஆனால் நமது ஊர்களில் அவர் பசித்திருந்தாலும் பட்டியலில் பெயர் கொடுக்க மாட்டார். ஸகாத் பொறுப்பாளர்கள்தான் இத்தகையவர்களை இரகசியமாகத் தேடிப் போக வேண்டும்.

கூட்டம் கயிறாகக் கூடாது

"சேர்ந்து பேசுவோம்" என்று சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் வேண்டும். வடக்கில் நுண்கடன் நிறுவனங்கள் பெண்களைக் குழுக்களாகச் சேர்த்தன. ஒருவர் தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள் பொறுப்பு என்றன. அயலவர்களே ஒருவரை ஒருவர் வாசலில் நின்று கேட்கும் நிலை வந்தது. ஆதரவாக இருக்க வேண்டிய கூட்டம் கழுத்துக் கயிறானது. பிறகு 2018 இல் அதே பெண்கள் யாழ்ப்பாணம் உட்பட வடக்கின் நகரங்களில் ஒன்றாக நின்று தமது கடனை வெளிப்படையாகப் பேசினார்கள். அந்த ஆண்டே, வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு நிவாரணத் திட்டம் ஒன்றை அரசாங்கம் அறிவித்தது. கூட்டத்தில் என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அதனால் நன்மையோ தீமையோ வருகிறது.

ஆகவே வியாபாரிகள் சேரும்போது சில ஒழுங்குகள் தேவை. எனது அனுபவத்தில் கண்டவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, நாலு முதல் ஆறு பேர் போதும். ஒரே தொழில் செய்பவர்கள் வேண்டாம். ஒருவருக்கொருவர் கொடுக்கல் வாங்கல் உள்ளவர்கள் ஒரே வட்டத்தில் இருக்கக் கூடாது. தையல்காரர், இரும்புக் கடைக்காரர், லொறி வைத்திருப்பவர், பேக்கரிக்காரர் என்று சேரலாம். பக்கத்துக் கடைத் தமிழ்ச் சகோதரரும் இருந்தால் இன்னும் நல்லது.

இரண்டாவது, வட்டத்துக்குள் கடன் இல்லை, பிணை இல்லை. "பேசப் போனால் காசு கேட்பார்" என்ற பயம் வந்தால் அடுத்த கிழமை யாரும் வரமாட்டார்கள். உதவி செய்ய விரும்புபவர் அதை வெளியே, வேறு வழியில் செய்யட்டும்.

மூன்றாவது, சபையில் பேசியது அமானிதம். ஒரு பெயர் வெளியே போனால் அந்த வட்டம் அன்றோடு முடிந்தது.

நான்காவது, பத்வாவோடு தொடங்க வேண்டாம். மீற்றர் வட்டியில் மாட்டியவருக்கு வட்டி ஹராம் என்பது நன்றாகத் தெரியும். அந்த வெட்கத்தினால்தான் அவர் பள்ளிக்கும் வராமல் இருக்கிறார். முதலில் அவரைக் கரைக்கு எடுப்போம். மார்க்கத் தெளிவு வேண்டியபோது ஆலிமிடம் தனியே போகலாம்.

ஐந்தாவது, கேட்பவர் அதிகம் கேட்கவும் குறைவாகப் பேசவும் வேண்டும். "நான் அப்பவே சொன்னேன்" என்ற வசனத்துக்கு அங்கே இடமில்லை. முடிவில் ஒரு காரியம், ஒரு திகதி. அடுத்த கிழமை அதை விசாரிக்க வேண்டும்.

இதே ஒழுங்கு வீட்டிலிருந்து தைத்தும் பலகாரம் செய்தும் விற்கும் நமது சகோதரிகளுக்கும் பொருந்தும். அவர்களின் வட்டத்தை அவர்களே அமைத்துக் கொள்ளட்டும்.

தன்னைத் தானே பார்ப்பது

வட்டம் கிழமைக்கு ஒரு நாள்தான். மீதி ஆறு நாளும் நம்மை நாமே பார்க்க வேண்டும். பெரிய விடயங்கள் தேவையில்லை.

கடை பூட்டும் நேரத்தை நிர்ணயித்து, அதற்குப் பிறகு வியாபாரத் தொலைபேசியை எடுக்காதீர்கள். இரவு பத்து மணிக்குப் பேசி எந்தச் செக்கும் பாஸானதில்லை. மனதில் ஓடும் கணக்கைப் படுக்கைக்கு முன் தாளில் எழுதி மேசையில் வைத்துவிடுங்கள். வீட்டுக் காசையும் கடைக் காசையும் வெவ்வேறாக வையுங்கள். பாதிக் குழப்பம் அதிலேயே தீரும். பகல் சாப்பாட்டைத் தள்ளிப் போடாதீர்கள். அஸருக்குப் பிறகு அரை மணி நேரம் நடந்தால் போதும். இரத்த அழுத்தமும் சீனியும் அரசாங்க வைத்தியசாலையில் இலவசமாகப் பார்க்கிறார்கள். தூக்க மாத்திரையைப் பார்மஸியில் கேட்டு வாங்கிப் போடாமல் வைத்தியரிடம் போங்கள்.

குடும்பத்தைப் பிரிந்து இருப்பவர்கள் வீட்டுக்குத் தொலைபேசி எடுக்கும்போது செலவுக் கணக்கை மட்டும் பேசாதீர்கள். பிள்ளை பள்ளிக்கூடத்தில் என்ன செய்தது என்றும் கேளுங்கள். அந்தப் பத்து நிமிடம் உங்களுக்கே மருந்து.

செக் திரும்பும் முன் வங்கிக்குப் போங்கள். திரும்பிய பிறகு போவதைவிட அதற்கு மதிப்பு அதிகம். நெருக்கடியில் உள்ள வியாபாரங்களுக்கு உதவும் தனிப் பிரிவுகளை அமைக்கும்படி 2024 இல் மத்திய வங்கி வங்கிகளுக்குப் பணித்தது. உங்கள் கிளை முகாமையாளரிடம் அதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். கேட்பது பிச்சை அல்ல.

நமது கடைகளில் நிற்கும் பையன்களையும் மறக்க வேண்டாம். முதலாளிக்கு வங்கியில் விழுந்த அடி, பின்னேரம் பையனின் தலையில் இறங்குகிறது. அவன் அதை யாரிடம் சொல்வான்? ஏசிய நாளில் கடை பூட்டும் முன் ஒரு நல்ல வார்த்தை சொல்லி அனுப்புவது முதலாளிக்கும் நல்லது.

வட்டத்தால் முடியாதபோது

சில சுமைகள் நண்பர்களால் தூக்க முடியாதவை. இரண்டு கிழமைக்கு மேலாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் விருப்பமில்லை, தொழுகையில் நிற்கவும் மனமில்லை என்றால் வைத்தியரைக் காண வேண்டும். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் 1980களில் உருவான சாந்திகம் உளவளத்துணைக்காகவே தொடங்கப்பட்டது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். அங்கே போவது பைத்தியம் என்பதற்கு அடையாளம் என்ற எண்ணம் இன்னும் நம்மிடையே இருக்கிறது. யுத்தத்தாலும் இடப்பெயர்வாலும் மனம் காயப்பட்ட எல்லாச் சமூகத்தவரும் போன வாசல் அது.

"நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி" என்ற மாதிரி ஒருவர் பேசினால் அதைச் சும்மா பேச்சாக எடுக்க வேண்டாம். அப்படி நினைக்கிறீர்களா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. கேட்டால் அவருக்குச் சுமை இறங்கும். அவரைத் தனியே விடாதீர்கள். உடனே 1926 க்கு அழையுங்கள், அல்லது அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். கடனை வாரிசுகளும் கடன்காரரும் பேசித் தீர்க்கலாம். வாப்பாவுக்குப் பதிலாக இன்னொருவர் வர முடியாது.

பள்ளி நிர்வாகங்களும் வர்த்தகர் சங்கங்களும் இதற்குச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கூட்டம், பதாகை, பிரதம அதிதி எதுவும் வேண்டாம். இஷாவுக்குப் பிறகு பள்ளியின் ஓர் அறையையோ சங்கத்தின் ஒரு மேசையையோ கிழமைக்கு ஒரு நாள் திறந்து வைத்து, யார் வருகிறார்கள் என்று குறிப்பெடுக்காமல் இருந்தால் போதும்.

நோன்புக் காலச் சரக்கு எடுக்கும் மாதங்களில்தான் நமது கடைகளில் செக் அதிகம் எழுதப்படுகிறது; நெஞ்சும் அதிகம் அடிக்கிறது. அதற்கு முன்பே உங்கள் பில் கொப்பியின் பின்பக்கத்தில் நாலு பெயரை எழுதுங்கள். உங்களுக்குக் கடன் தராதவர்கள், உங்களிடம் கடன் வாங்காதவர்கள், வாய் இறுக்கமானவர்கள். அவர்களில் ஒருவரை இந்தக் கிழமை பிளேன்டீக்குக் கூப்பிடுங்கள். அவர் வழமையான பதிலைச் சொன்ன பிறகு, மெதுவாக இரண்டாவது தடவையும் கேட்டுப் பாருங்கள். வல்ல அல்லாஹ் நம் எல்லோருடைய வியாபாரத்திலும் பரக்கத்தையும் நெஞ்சில் நிம்மதியையும் தருவானாக.